பாட்டி கேட்ட சத்தம்

'சிறு துளி பெரு வெள்ளம்' என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் எத்தனை கட்டுரைகளில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சேமிப்பு பற்றிய கட்டுரையா? முதல் வரியில் அந்தப் பழமொழி. நீரின் அவசியம் பற்றிய கட்டுரையா? முதல் வரியில் வள்ளுவர், கடைசி வரியில் அந்தப் பழமொழி. ஆசிரியரும் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதிக் கொடுப்பார். ஆனால், ஒரு துளி எப்படிப் பெருவெள்ளம் ஆகிறது என்பதை நான் உண்மையில் கற்றுக்கொண்டது 2023ஆம் ஆண்டில், எங்கள் வீட்டுக் கழிவறையில்தான். சிரிக்காதீர்கள் நண்பர்களே! பாடம் எந்த இடத்தில் கிடைத்தால் என்ன?

அப்பொழுது நான் முதலாம் ஆண்டை முடித்துவிட்டு நீண்ட விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தேன். எங்கள் வீடு ஜோர்ஜ்டவுனை ஒட்டிய ஜெலுத்தோங்கில் உள்ள ஒரு பழைய வரிசை வீடு. அப்பா, அம்மா, தம்பி, பாட்டி, நான் என ஐந்து பேர். பாட்டி என்றால் அப்பாவின் அம்மா.

அம்மாவிடம் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் உண்டு. மின்சாரம், தண்ணீர், மளிகை, தம்பியின் பள்ளிச் செலவு என எல்லாக் கணக்கும் அதில் இருக்கும். நான் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மா முகம் சுளித்தார்.

"இங்க பாரும்மா. முன்னெல்லாம் தண்ணி பில் அஞ்சு வெள்ளி முப்பது சென்னுதான் வரும். போன மாசம் எட்டு வெள்ளி அம்பத்தஞ்சு. இந்த மாசம் பத்து வெள்ளி எம்பத்தஞ்சு!"

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐந்தரை வெள்ளி கூடியதற்கா இந்தக் கவலை? பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாதே! ஆனால், ரசீதில் வெள்ளிக்குப் பக்கத்தில் இருந்த இன்னோர் எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வழக்கமாக 22 கன மீட்டர் பயன்படுத்தும் வீடு, அந்த மாதம் 34 கன மீட்டர் பயன்படுத்தியிருந்தது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். அப்படியானால் ஒரே மாதத்தில் 12,000 லிட்டர் கூடுதல்! பெரிய வாளி ஒன்று 20 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 600 வாளித் தண்ணீர்.

இவ்வளவு தண்ணீரையும் யார் செலவழித்தது?

வீட்டில் எல்லாருடைய கண்களும் பாட்டியின் பக்கம் திரும்பின.

அதற்குக் காரணமும் இருந்தது. பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் சீவியவர். லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரே குழாய். அதிலும் குறிப்பிட்ட நேரத்தில்தான் தண்ணீர் வருமாம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. விடியற்காலையில் எழுந்து, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் டிரம்களையும் நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். காலையும் மாலையும் குளிப்பார். வாசலில் இருக்கும் துளசிக்கும் கருவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றுவார். குழாய் ஓடும் சத்தம் கேட்டால் அங்கே பாட்டி இருப்பார் என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத விதி.

"அத்தை, இப்பதான் எப்பவும் தண்ணி வருதே. எதுக்கு டிரம்முல புடிச்சு வைக்கிறீங்க? பில் ஏறுது பாருங்க" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பாட்டியின் முகம் சுருங்கியது.

அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. படித்த பேத்தி அல்லவா! அழகான வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தேன். வண்ணப் பேனாவால், 'நீரைச் சேமிப்போம்! குளியல் ஐந்து நிமிடம் மட்டுமே. பாட்டியின் கனிவான கவனத்திற்கு' என்று பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். பாட்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கதவருகில் நின்று மெல்ல மெல்லப் படித்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

அன்றிலிருந்து பாட்டி மாலையில் குளிப்பதை விட்டுவிட்டார். டிரம்கள் காலியாகவே கிடந்தன. சில நாட்களில் துளசிச் செடி வாடத் தொடங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. ஏனென்றால், பாட்டி இவ்வளவு சிக்கனமாக இருந்தும் அளவுமானி குறைந்தபாடில்லை.

சரி, வேறு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்போம் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது சமையலறைக் குழாய். 'டொக், டொக்' என்று சொட்டிக்கொண்டே இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரே மகிழ்ச்சி! ஒரு குவளையை அடியில் வைத்தேன். பதினைந்து நிமிடத்தில் 250 மில்லிலிட்டர் சேர்ந்தது. அப்படியானால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர். ஒரு நாளில் 24 லிட்டர். ஒரு மாதத்தில் 720 லிட்டர். குழாயின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. அப்பா தண்ணீரை அடைத்துவிட்டு, குழாயைத் திருகிக் கழற்றி, புது வாஷரை மாட்டினார். செலவு ஐம்பது சென். சொட்டுவது நின்றது. ஆனால், கணக்கு உதைத்தது. காணாமற்போனது 12,000 லிட்டர். கிடைத்ததோ 720 லிட்டர் மட்டுமே. மீதி எங்கே?

அப்போது அப்பா ஒரு யோசனை சொன்னார். "அளவுமானியையே கேளு. அது பொய் சொல்லாது."

வீட்டு வாசலில் இருக்கும் அளவுமானியை அதுவரை நான் குனிந்துகூடப் பார்த்ததில்லை. கறுப்பு நிற எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் அதற்குக் கீழான அளவைக் காட்டும். நடுவில் நட்சத்திரம் போன்ற சிறு சக்கரம் ஒன்று உண்டு. சிறிதளவு தண்ணீர் ஓடினாலும் அது சுற்றும். வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. ஆனால் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது!

ஆயினும் உடனே முடிவுக்கு வந்துவிட முடியாது. நம் நாட்டு வீடுகள் பலவற்றில் சமையலறைக் குழாய்க்கு நேரடியாக வெளிக்குழாயிலிருந்து தண்ணீர் வரும். குளியலறைக்கும் கழிவறைக்கும் கூரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து வரும். யாரும் பயன்படுத்தாவிட்டாலும், அந்தத் தொட்டி நிரம்பும் வரை அளவுமானி சுற்றத்தான் செய்யும். எனவே இரவில் சோதிக்க முடிவு செய்தோம். கழிவறைத் தேவைக்கு இரண்டு வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தோம். ஒரு மணி நேரம் எந்தக் குழாயையும் தொடாமல் காத்திருந்து, இரவு பத்தரை மணிக்கு எண்ணைக் குறித்துக்கொண்டேன். காலை ஆறரைக்கு மறுபடியும் பார்த்தேன்.

எட்டு மணி நேரத்தில் 132 லிட்டர்! ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருந்தபோது வீடு மட்டும் விழித்திருந்து தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு நாளுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 400 லிட்டர். ஒரு மாதத்திற்கு 12,000 லிட்டர். காணாமற்போன அதே அளவு.

அந்தக் காலை நேரத்தில் எங்களோடு விழித்திருந்தவர் பாட்டி மட்டுமே. காகிதமும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"நான் முன்னாடியே உங்கம்மாகிட்ட சொன்னேன் கண்ணு. ராத்திரியில கக்கூசுல 'உஸ்ஸு'ன்னு ஒரு சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் கேக்கும், அப்புறம் நின்னுடும். மறுபடியும் கேக்கும். வயசான காதுல என்னென்னமோ கேக்கும்னு எல்லாரும் சிரிச்சீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம், சிரித்தோம். நானும்தான் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

அன்றிரவு கழிவறையின் பின்னால், ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணீர் போகும் சிறிய வால்வை மட்டும் அடைத்துவிட்டு மறுபடியும் எண்ணைக் குறித்தேன். காலையில் பார்த்தால் அளவுமானி ஓர் எண்கூட நகரவில்லை. இதை உறுதிப்படுத்த இன்னொரு சோதனையும் செய்தோம். வால்வைத் திறந்து, தொட்டி நிரம்பியபின், தீபாவளிப் பலகாரத்திற்கு வாங்கி மீந்திருந்த சிவப்புச் சாயத்தைத் தொட்டித் தண்ணீரில் சில துளிகள் விட்டோம். பதினைந்து நிமிடம் யாரும் தண்ணீரை இழுக்கவில்லை. போய்ப் பார்த்தால், கீழே கழிவறைக் கிண்ணத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்று வழிந்துகொண்டிருந்தது.

குற்றவாளி பிடிபட்டது! ஃபிளஷ் தொட்டியின் அடியில், துளையை மூடியிருக்கும் ரப்பர் மூடி. நாளாக நாளாகத் தண்ணீரில் உள்ள குளோரின் ரப்பரைக் கெடுத்துவிடும். அது உப்பி, விளிம்பு வளைந்து, துளையைச் சரியாக மூடாமல் விட்டிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓசையின்றிக் கிண்ணத்திற்குள் வழியும். தொட்டியில் மட்டம் குறைந்ததும் மிதவை இறங்கி, புதுத் தண்ணீரை உள்ளே விடும். பாட்டி கேட்ட 'உஸ்' சத்தம் அதுதான். குழாய் சொட்டினால் தரை நனையும், கண்ணுக்குத் தெரியும். இதுவோ நேராகச் சாக்கடைக்குப் போய்விடுவதால் யாருக்கும் தெரியவில்லை.

கழற்றிய மூடியைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அளவு மாறினால் பொருந்தாது என்பதால் பழையதைக் கொண்டு போவதே நல்லது. கடைக்காரச் சீனப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே அளவில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விலை ஏழு வெள்ளி. தண்ணீரை அடைத்து, தொட்டியைக் காலி செய்து, துளையின் விளிம்பில் படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்து, புது மூடியை மாட்டி, சங்கிலியை மிகவும் இறுக்கமாகவோ மிகவும் தளர்வாகவோ விடாமல் பொருத்துவதற்கு இருபது நிமிடம் ஆனது. பாட்டி பக்கத்தில் நின்று பழைய மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரப்பரு செத்துப்போச்சு. தோட்டத்துல மங்கு கொஞ்சம் சாஞ்சு பால் கீழ சொட்டினாலும் கங்காணி கேப்பாரு. அதான் எனக்குச் சொட்டுற சத்தம் கேட்டா தூக்கம் வராது" என்றார்.

நான் எழுந்து போய்க் குளியலறைக் கதவில் இருந்த தாளைக் கிழித்தேன். "மன்னிச்சுடுங்க பாட்டி" என்றேன். "நல்லாத்தானே எழுதியிருந்த, எதுக்குக் கிழிச்ச?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை இன்னும் சுடுகிறது. அம்மா அன்று மாலை டிரம்கள் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து, தாமே நிரப்பி வைத்தார். மாமியாரிடம் அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த ரசீதில் 21 கன மீட்டர். நான்கு வெள்ளி எண்பத்தைந்து சென்.

இப்பொழுது நண்பர்கள் சிலர் கேட்கலாம்: மாதம் ஐந்தரை வெள்ளி மிச்சம் பிடிக்கவா இவ்வளவு பாடு? நியாயமான கேள்வி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 66 வெள்ளி. ஏழு வெள்ளி மூடி ஆறு வாரத்திற்குள் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால், நான் யோசித்துப் பார்த்தது வேறு. இந்த ஒழுக்கு மூன்று மாதம் மறைந்திருந்ததற்கே காரணம், தண்ணீர் அவ்வளவு மலிவாக இருந்ததுதான். அன்றைய பினாங்கில் முதல் 20 கன மீட்டருக்குக் கன மீட்டர் ஒன்றுக்கு 22 சென். அடுத்த 20க்கு 46 சென். மலேசியாவிலேயே வீடுகளுக்கு மிகக் குறைந்த கட்டணம் எங்களுடையதுதான் என்று பினாங்கு மக்கள் அப்போது பெருமை பேசினோம். அதே பினாங்கில்தான் ஒருவர் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் நீரின் அளவும் நாட்டிலேயே உயர்ந்ததாக இருந்து வந்தது. 2010ஆம் ஆண்டுகளில் அது ஏறத்தாழ 280 லிட்டர். போதுமென்று நம் நாட்டில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அளவோ 165 லிட்டர். அதிகம் பயன்படுத்தும் வீடுகளுக்கு 2010இல் நீர் சேமிப்புக்கான கூடுதல் கட்டணம்கூடக் கொண்டுவரப்பட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒழுக்கு இல்லாதபோது ஆளுக்கு ஒரு நாளைக்கு 147 லிட்டர். பாட்டியின் இரண்டு குளியல், இரண்டு டிரம், துளசி, கருவேப்பிலை எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு! அவர் எந்தக் காலத்திலும் தண்ணீரை வீணாக்கியவர் அல்லர். நாம்தான் கண்ணுக்குத் தெரிந்த மனிதரைச் சந்தேகித்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை விட்டுவிட்டோம்.

அந்த 400 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஜோர்ஜ்டவுன் நகரம் மலையருவி நீரை நம்பி வாழ்ந்தது. அந்த அருவியால்தானே நம் முருகன் கோயிலுக்கும் தண்ணீர்மலை என்று பெயர்! மாட்டுவண்டிகளில் தண்ணீர் ஏற்றிப் போன வழி என்பதால், பர்மா சாலையை ஹொக்கியன் சீனர்கள் இன்றும் தண்ணீர் வண்டிச் சாலை என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பிறகு 1962இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999இல் தெலுக் பஹாங் அணையும் வந்தன. ஆயினும் பினாங்கின் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இன்று மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கெடாவிலிருந்து வரும் அந்த ஆற்று நீர், பெருநிலத்தில் உள்ள சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியாகத் தீவுக்கு வருகிறது. ஆற்றையும் கடலையும் கடந்து வந்த தண்ணீர், கடைசியில் ஏழு வெள்ளி ரப்பர் மூடியின் இடுக்கில் ஒழுகிப் போனது!

வீட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். நாட்டில் சுத்திகரிக்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருவாய் இல்லா நீராகப் போகிறது. பழைய குழாய்களின் வெடிப்பு, நீர்த் திருட்டு, பழுதான அளவுமானி எல்லாம் அதற்குக் காரணம். அந்தக் குழாய்களை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், அளவுமானிக்கு இந்தப் பக்கம் இருப்பது நம் பொறுப்பு.

2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காகப் பினாங்கில் நீர் விநியோகம் தடைப்பட்டது. ஏறக்குறைய 590,000 பயனீட்டாளர்களுக்குப் பாதிப்பு. எங்கள் வீட்டிலும் குழாய் வறண்டது. நான் விடுதியிலிருந்து பதற்றத்தோடு அழைத்தேன். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு என்னம்மா கவலை? உன் பாட்டி டிரம் டிரம்மாப் புடிச்சு வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து ரெண்டு வாளி எடுத்துட்டுப் போனாங்க." ஐந்து மாதத்திற்கு முன்னால் நாங்கள் குறை சொன்ன அதே டிரம்கள்!

அதே ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீடுகளுக்கான நீர்க் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்தது. பழைய மூடி இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தால் அம்மாவின் புத்தகத்தில் ஐந்தரை வெள்ளியோடு அது நின்றிருக்காது.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரே ஓர் இரவைச் செலவழியுங்கள். எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, படுக்கும் முன்னும் எழுந்த பின்னும் அளவுமானியைப் பாருங்கள். எண் மாறியிருந்தால் ஃபிளஷ் தொட்டியில் நான்கு துளி சாயம் விடுங்கள். அங்கே இல்லையென்றால் கூரைத் தொட்டியின் மிதவையைப் பாருங்கள். தண்ணீர் வழிந்தோடும் குழாய் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் பதில் கிடைக்காவிட்டால் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள். அளவுமானியில் குறித்த எண்களைக் காட்டினால் அவர் வேலையும் எளிதாகும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இரவில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்.